சுவர் ஏறிக் குதித்தாரா ஜெபர்சன்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நடுவரின் கை இப்போதே மணிப் பக்கம் போய்விட்டது, அதனால் புகழுரை எல்லாம் வேண்டாம்.

இளம் அமெரிக்கக் குடியரசை நிலைநிறுத்தியது தலைவர்களின் சமயப் பற்றா, சமயத்தை அரசிலிருந்து தள்ளி வைத்த துணிவா? நான் துணிவின் பக்கம். 1790இல் நியூபோர்ட் யூதர்களுக்கு வாஷிங்டன் எழுதிய கடிதம், 1791இன் முதல் சட்டத்திருத்தம், 1797இன் திரிப்போலி உடன்படிக்கை என்று, சமயம் வேறு அரசு வேறு எனக் காட்டும் சான்றுகளை நான்கு பக்கம் குறிப்பெடுத்து வந்தேன். எனக்கு முன்னால் எதிரணி நண்பர் பேசியதைக் கேட்டதும் அதை மடித்துப் பையில் போட்டுவிட்டேன்.

என்ன சொன்னார்? "1802 ஜனவரி 1ஆம் தேதி, மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர் என்று கடிதம் எழுதினார் அதிபர் ஜெபர்சன். 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பிரதிநிதிகள் சபைக்குள்ளேயே போய் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டார். சுவர் கட்டிய கொத்தனாரே சுவர் ஏறிக் குதித்துவிட்டார்!" நீங்களும் கை தட்டினீர்கள். தப்பில்லை, நானே சிரித்துவிட்டேன்.

தேதி சரி. போனதும் சரி. ஆனால் பிரசங்கம் செய்தது யார் என்பதை மட்டும் நண்பர் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

அவர் பெயர் ஜான் லேலண்ட். மாசசூசெட்ஸில் செஷயர் என்ற சிற்றூரில், பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர். 1800 தேர்தலில் நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களின் குருமார்கள் பலர் ஜெபர்சனை நாத்திகர் என்று திட்டித் தீர்த்தார்கள். வேண்டியது கடவுளும் பக்தியுள்ள அதிபருமா, இல்லை கடவுளற்ற ஜெபர்சனா என்று ஒரு பத்திரிகை கேட்டது. அப்படியும் அவர் ஜெயித்துவிட்டார். செஷயர்க்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாமாக இருந்தால் ஒரு மாலை வாங்கிப் போட்டிருப்போம். அவர்கள் சீஸ் செய்தார்கள்!

எவ்வளவு? 1,235 பவுண்ட். நம் கணக்கில் 560 கிலோ. அதை அழுத்த எந்தப் பாத்திரமும் போதாமல், ஆப்பிள் சாறு பிழியும் ஆலையைக் கொண்டுவந்தார்களாம். சுமார் 900 மாடுகளின் பால். அதிலும் ஒரு கண்டிஷன் போட்டதாக ஊர்க்கதை: எதிர்க்கட்சியான பெடரலிஸ்ட் வீட்டுப் பசுவின் பால் ஒரு சொட்டு கலக்கக் கூடாது! மனிதருக்குக் கட்சி இருக்கலாம், மாட்டுக்கு? பால் கறக்கப் போனவர் முதலில் மாட்டிடம் உறுப்பினர் அட்டை கேட்டிருப்பார் போலிருக்கிறது.

மறுபடி சொல்கிறேன், 560 கிலோ. அதை வண்டியிலும் கப்பலிலும் ஏற்றி வாஷிங்டன் வரை கொண்டுபோனார் லேலண்ட், வழியெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டே. 1802 ஜனவரி 1ஆம் தேதி ஜெபர்சனிடம் ஒப்படைத்தார்கள். ஆமாம், அதே தேதி. சுவர் கடிதம் எழுதிய அன்றைக்குத்தான் வாசலில் சீஸ் வந்து நின்றது. இலவசமாக வாங்குவதில்லை என்று ஜெபர்சன் 200 டாலர் கொடுத்தார் என்பதையும் நம் அரசியல்வாதிகள் குறித்துக்கொள்ளலாம். கூடவே வந்த மடலில் ஒரு வரி: ஒரு அடிமையின் உதவிகூட இல்லாமல் செய்தது. நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தவரிடம் இதை வாசித்திருக்கிறார்கள்! இது என் அணிக்கே வலிக்கிற இடம், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

அப்புறம்தான் அந்த ஞாயிறு. "சாலொமோனிலும் பெரியவர் இங்கே இருக்கிறார்" என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு பேசினார் லேலண்ட். கேட்டுக்கொண்டிருந்த மனாசே கட்லர், அவரும் ஒரு குரு, அந்தச் சபையின் பெடரலிஸ்ட் உறுப்பினர், இந்த ஆளை சீஸ் வியாபாரி, படிக்காதவன், கோமாளி என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

சரி, அந்தக் கோமாளி எங்கிருந்து வந்தார்? மாசசூசெட்ஸுக்குத் திரும்புமுன் ஏறக்குறைய 15 ஆண்டு வர்ஜீனியாவில் ஊழியம் செய்தவர். புரட்சிக்கு முந்தைய வர்ஜீனியாவில், உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக பாப்டிஸ்ட்களைச் சிறையில் போட்டார்கள். கல்பெப்பர் சிறையில் ஜேம்ஸ் அயர்லண்ட் என்ற போதகர் ஜன்னல் கம்பி வழியாக, வெளியே நின்றவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். அவர்களை அடைத்தது கடவுள் நம்பிக்கை இல்லாத அரசா? சமயப் பற்று நிரம்பி வழிந்த அரசு, நடுவர் அவர்களே! அதைப் பார்த்து மனம் கொதித்து 1774இல் நண்பருக்குக் கடிதம் எழுதிய 22 வயது இளைஞன்தான், பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசன். ஜெபர்சன் எழுதிய சமயச் சுதந்திரச் சட்டத்தை 1786இல் வர்ஜீனியாவில் நிறைவேற்றிக் காட்டியதும் அவரே.

ஜெபர்சனின் சுவர் கடிதம் யாருக்குப் போனது? கனெக்டிகட்டில் டான்பரி பாப்டிஸ்ட்களுக்கு. எங்கள் சமய வழிபாடு சலுகையாகத்தான் கிடைக்கிறது, உரிமையாக இல்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். சலுகை! கும்பிடுவதற்கு யாரிடமோ கை நீட்டி நிற்க வேண்டியிருந்த ஜனங்கள் ஐயா அவர்கள்.

அந்த ஜனங்களில் ஒருவர் அன்றைக்கு நாட்டின் சபைக்குள் நின்று, உரிமம் எதுவும் காட்டாமல், மனம் போல் பேசுகிறார். அதிபர் கீழே உட்கார்ந்து கேட்கிறார். நண்பருக்கு அது சுவர் ஏறிக் குதித்ததாகத் தெரிகிறது. எனக்குக் கல்பெப்பரின் அந்த ஜன்னல் கம்பிதான் தெரிகிறது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளும். மணி அடித்துவிட்டது, உட்காருகிறேன்.