பட்டினி கிடந்து பாலூட்டுகிறவள்

(காரைக்குடியில் நடந்த மகளிர் வாசகர் கூட்டத்தில் பேசியது)

ஆச்சிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நமக்குப் புதிதில்லை. அண்டார்டிக் கடலிலிருந்து ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் நீந்தி, வெதுவெதுப்பான தண்ணீர் தேடி வந்து பிள்ளை பெறுகிற ஒருத்தியைப் போன செப்டம்பரில் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக் கரையோரம் ஹெர்வி விரிகுடா. மகள் கூட்டிப்போனாள். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பிள்ளையோடு தெற்கே திரும்பும் வழியில் அங்கே தங்கி இளைப்பாறும். படகை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். நாம் நெருங்கக் கூடாது. அதுவாக வந்தால் உண்டு.

வந்தது. முதலில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஈரம், நாள்பட்ட மீன் வாடை. பிறகு தலையை மட்டும் செங்குத்தாகத் தூக்கி அப்படியே நின்றது. தலையெல்லாம் எலுமிச்சம்பழம் போலப் புடைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு முடி முளைக்கும். கடலிலேயே கிடந்தாலும் அது பாலூட்டி இனம் என்பதற்கு அந்த ஒற்றை முடியே சாட்சி. 30 வருஷம் உயிரியல் வகுப்பில் சொன்னதைக் கண்ணெதிரே பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குட்டிக்கு ஒரே துள்ளாட்டம். எகிறும், முதுகடிக்க விழும், திரும்ப எகிறும். 11 தடவை எண்ணினேன். நடுநடுவே மல்லாந்து, நீண்ட கைத்துடுப்பால் தண்ணீரை அறையும். உடம்பில் மூன்றிலொரு பங்கு நீளம் அந்தத் துடுப்பு. வேறெந்தத் திமிங்கிலத்துக்கும் அப்படி வாய்க்கவில்லை. குதிப்பது உடம்பைப் பழக்கவா, தூரத்துக்குச் சத்தம் கொடுக்கவா என்று ஆய்வாளர்கள் பலவும் சொல்கிறார்கள். அந்தக் குட்டியைப் பார்த்த நான் விளையாட்டென்றே சொல்வேன்.

தாய் மட்டும் கட்டை போல மிதந்தது. “இது ஏன் சும்மா கிடக்கிறது?” என்று படகில் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. நம் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்து ஊட்டுகிறோம். இவளுக்கு யார் ஊட்டுவது? இவள் தின்பது நம் சந்தைக் கூனி மாதிரியான சிற்றுயிர்களை. அவை கூட்டங்கூட்டமாக இருப்பது தென்கோடிக் குளிர்க்கடலில். அங்கே தின்று சேர்த்த கொழுப்பைக் கரைத்தே மாதக்கணக்கில் பால் கொடுக்கிறாள். பாலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொழுப்பு. பிள்ளையோ பிறக்கும்போதே 4 மீட்டர் நீளம், ஒரு டன் எடை. அசையாமல் கிடப்பது இருக்கிற தெம்பைப் பிள்ளைக்கு மிச்சம் பிடிக்க.

அதே குயின்ஸ்லாந்தில் டங்கலூமா என்ற இடத்தில் 1952 முதல் 1962 வரை இவற்றைக் கொன்று எண்ணெய் எடுத்தார்கள். கிழக்குக் கரையில் சில நூறுதான் மிஞ்சின. வேட்டை நின்றதும் பெருகி இன்று பல்லாயிரம். 2022இல் அந்த நாட்டின் ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் அரபிக்கடலிலும் ஒரு சிறு கூட்டம் உண்டு, ஆச்சி. அது வலசை போகாது, அந்தக் கடலே அதற்கு எல்லாம். அதற்கு ஆபத்து இன்னும் தீரவில்லை. எனக்கு அந்தக் கவலைதான்.

கடைசியில் தாய் வாலைத் தூக்கி முங்கியது. வாலின் அடிப்புறத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம். நம் கைரேகை போல ஒரு திமிங்கிலத்தின் கோலம் மற்றொன்றுக்கு இராது. முங்கிய இடத்தில் தண்ணீர் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மாதிரி வழவழவென்று வட்டமாக நின்றது. பக்கத்திலேயே குட்டியின் சின்ன வட்டம். இரண்டும் கலையும்வரை படகில் யாரும் பேசவில்லை.