முறைத்துக்கொள்ளும் நண்பர்கள்

வணக்கம் நேயர்களே. மெக்சிகோவின் பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் இரண்டு கதாநாயகர்கள் சேர்ந்து வந்தால், நாயகி யாருக்குக் கிடைப்பாள் என்று நான் கவலைப்படுவதே இல்லை. இந்த இருவரும் எப்போது முறைத்துக்கொள்வார்கள், எப்படி மறுபடி ராசியாவார்கள் என்பதுதான் எனக்குப் படம்.

1953-இல் வெளிவந்த 'தோஸ் திபோஸ் தெ குய்தாதோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் இஸ்மாயேல் ரோத்ரிகஸ். அன்றைய இரண்டு பெரிய பாட்டு நட்சத்திரங்களான ஹோர்ஹே நெக்ரேத்தேயும் பெத்ரோ இன்ஃபாந்தேயும் சேர்ந்து நடித்த ஒரே படம். நெக்ரேத்தே ராணுவக் கல்லூரியில் படித்தவர், ஆபரா பயிற்சி பெற்ற கம்பீரக் குரல். இன்ஃபாந்தே தச்சு வேலை பார்த்தவர். திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுவார். கதையில் ஹோர்ஹே காதலித்த பெண்ணை நண்பன் பெத்ரோவே கட்டிக்கொள்கிறான். ஊர் திரும்பிய ஹோர்ஹேவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அப்புறம் ஒரு விருந்து. துப்பாக்கியை எடுப்பார்கள் என்று நினைப்போம், எசப்பாட்டுப் பாடுகிறார்கள்! துரோகி என்று ஒருவன் பாட்டிலேயே குத்துகிறான். மற்றவன் அதே மெட்டில், சிரித்த முகத்தோடு, திருப்பிக் கொடுக்கிறான். வரிக்கு வரி சூடு ஏறுகிறது. நமக்குச் சிரிப்பும் வருகிறது, அடுத்த வரியில் கை ஓங்கிவிடுவார்களோ என்ற பதற்றமும் வருகிறது. பெத்ரோ ஏன் அந்தக் கல்யாணத்தைச் செய்தான் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அது தெரியும்போது, அதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும்.

இதே இயக்குநர் 1951-இல் எடுத்த 'ஆ தோதா மாக்கினா'வில் இன்ஃபாந்தேயும் லூயிஸ் அகிலாரும் மோட்டார் சைக்கிள் போக்குவரத்துப் போலீஸ்காரர்கள். ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு ஒருவன் காதலை இன்னொருவன் கெடுப்பதுதான் வேலை. இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு: பெண்கள் இவர்கள் தட்டிப் பறிப்பதற்காகவே வந்துபோகிறார்கள்.

தின் தான், மார்செலோ சாவேஸ் என்ற நகைச்சுவை ஜோடியின் ருசி வேறு. அமெரிக்க எல்லையை ஒட்டிய நகரான சியுதாத் ஹுவாரெஸில் வளர்ந்த தின் தான் தொளதொள கோட்டும் இறகு செருகிய தொப்பியுமாக, ஸ்பானிஷில் ஆங்கிலத்தைக் கலந்து கொட்டுவார். மொழிப் பற்றாளர்கள் திட்டினார்கள். தெருவில் அப்படியே பேசியவர்கள் கொண்டாடினார்கள். பக்கத்தில் கிதாருடன் நிற்கும் மார்செலோ, தன் முறைக்காக அவசரப்படவே மாட்டார். அந்த நிதானம் இல்லாவிட்டால் தின் தானின் வேகம் பாதிதான் எடுபட்டிருக்கும் என்பேன்.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? விருந்துக் காட்சி உள்ள முதல் படத்திலிருந்து. பாட்டு வரிகளுக்கு மொழிபெயர்ப்பு ஓடும் பிரதியாகப் பார்த்து எடுங்கள்; இல்லாவிட்டால் பாதிக் குத்து புரியாமல் போய்விடும். நன்றி, வணக்கம்.