மூன்று லட்சம் மேற்கோள் பெற்ற ஒரு கட்டுரை

நண்பர்களே, உயிர்வேதியியல் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும்: லௌரி. "சாம்பிளுக்கு லௌரி போட்டாச்சா?" என்று ஆய்வகத்தில் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

ஆலிவர் லௌரி, 1910இல் சிகாகோவில் பிறந்தவர். 1947 முதல் செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவர். 1951இல் மூன்று சகாக்களோடு சேர்ந்து, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை வெளியிட்டார். 2014இல் 'நேச்சர்' இதழ் கணக்குப் பார்த்தபோது அந்த ஒரு கட்டுரைக்கு 3,05,000க்கும் மேல் மேற்கோள்கள், அதாவது மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அதைச் சுட்டிக்காட்டியது அத்தனை முறை. எல்லாத் துறைகளையும் சேர்த்து அதுவே முதலிடம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறில்கூட இல்லை!

சரி, அப்படி என்னதான் செய்தார்? புரதக் கரைசலில் காரத்தன்மை (alkaline) கொண்ட செப்புக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விடுவோம். அப்புறம் ஃபோலின் வினைப்பொருள், புரதத்தோடு சேர்ந்தால் நீலமாக மாறும் ஒரு ரசாயனம். அதை விட்டதும் ஓரிரு நொடிக்குள் நன்றாகக் கலக்கிவிட வேண்டும். காரத்தில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். அரை மணி நேரத்தில் நீலம் ஏறும். புரதம் கூடக்கூட நீலமும் கூடும். செப்பை மட்டும் நம்பிய பழைய பையூரெட் முறையைவிட 100 மடங்கு நுட்பமானது. ஃபோலின் வினைப்பொருளைப் புரதத்துக்குப் பயன்படுத்துவது அவர் கண்டுபிடித்ததும் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதை யார் செய்தாலும் ஒரே விடை வரும்படி ஒழுங்குபடுத்தியதுதான் அவர் வேலை. வெளியிடவே அவருக்குப் பெரிய ஆர்வமில்லை. நண்பர் ஏர்ல் சதர்லாந்து, பின்னாளில் நோபல் வாங்கியவர், தன் கட்டுரையில் சுட்டிக்காட்ட ஏதாவது வேண்டும் என்று வற்புறுத்தியதால்தான் எழுதினார்.

அவர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை வேறு. மெல்லிய குவார்ட்ஸ் இழையின் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையில் உறையவைத்து உலர்த்திய ஒற்றை நரம்புச் செல்லை வைப்பார். இழை எவ்வளவு வளைகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எடையைக் கணக்கிடுவார். தூண்டில் கோல் வளைவதுபோல இருப்பதால் அந்தத் தராசுக்கே அப்படித்தான் பெயர். அந்த ஒரு செல்லுக்குள் இருக்கும் நொதிகளையும் அளந்தார். மூளை வேதியியலுக்கு இது பெரிய கதவைத் திறந்தது. ஆனால் ஒற்றைச் செல்லை நிறுக்க எத்தனை பேருக்குத் தேவை? புரதம் அளக்கத்தான் எல்லோருக்கும் தேவை. மேற்கோள் எண்ணிக்கை பயன்பாட்டின் கணக்கு. அதைத் தகுதியின் கணக்காக மாற்றி, பதவி உயர்வுப் படிவத்தில் கட்டம் போட்டு வைத்திருப்பது நாம்தான்.

லௌரிக்கு இதில் குழப்பமே இல்லை. அது பெரிய கட்டுரை இல்லை என்று தனக்குத் தெரியும், ஆனாலும் கிடைக்கும் வரவேற்பில் உள்ளூர ஒரு குஷி என்று 1977இல் எழுதினார்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆய்வேட்டில் இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருப்பீர்கள். திறந்து படித்தவர்கள் எத்தனை பேர்? மொத்தம் 11 பக்கம்தான். எந்தெந்தப் பொருள்கள் இந்த நீலத்தைக் கெடுக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. படித்துவிட்டு, அப்புறம் நீலத்தைக் கெடுக்கும் டிரிஸ் பஃபரில் (அமில-காரச் சமநிலையைக் காக்கும் ஆய்வகக் கரைசல்) கரைத்த சாம்பிளை லௌரிக்குப் போடலாமா என்று யோசியுங்கள்.