பண்டல் கடையில் ஒரு பிணம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

துப்பறியும் கதை எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லா வகையையும் தொட்டால் பின்னால் வைத்திருக்கும் மீகூன் ஆறிவிடும். அதனால் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் ஒரு பண்டல் கடை, அதாவது மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கிற கடை. தீபாவளிக்கு முந்தின வாரம். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய கடைக்கார அக்கா, பின்னறையில் ஒரு பெரியவர் மூட்டைக்கு அடியில் கிடப்பதைப் பார்க்கிறார். உயிர் இல்லை. இதை எப்படி எழுதுவீர்கள்?

ரத்தத்தில் தொடங்கலாம். அது ஒரு வழி. நான் சொல்லவந்தது வேறு வகை, இதமான கொலைக்கதை. இதில் கொலை கண்ணுக்கு முன்னால் நடக்காது. துப்பறிகிறவர் போலீஸ்காரராக இருக்க மாட்டார். ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். படிக்கிறவர் தேநீரோடு உட்கார்ந்து, பயமில்லாமல், யார் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார். இங்கிலாந்தில் 1920களிலும் 30களிலும் இந்த வகை செழித்தது. ஒரு கிராமம், ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம், வம்பு பேச நாலு பேர்.

நம்மிடம் அது இல்லையா? ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கிளினிக், சுற்றிலும் தோட்டங்கள். சம்பள நாளில் எல்லாரும் ஒரே தெருவில் இறங்குவார்கள். யார் மகள் எந்தப் பள்ளியில், யார் வீட்டில் புது அலமாரி, எல்லாம் ஒட்டுக்கடையில் தெரிந்துவிடும். தோட்டங்கள் கைமாறி, தொழிலாளர் லயங்கள் காலியாகி, பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் டவுனில் தாமான் என்ற குடியிருப்புக்குக் குடிவந்த பிறகும் "நீங்க எந்தத் தோட்டம்?" என்ற கேள்வி நிற்கவில்லை. வெளியாள் எளிதில் ஒளிந்துகொள்ள முடியாத இடம். இதமான கொலைக்கதைக்கு இதைவிட வாகான ஊர் கிடைக்காது என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்குக் கொலை புதிதல்ல. 1948 ஜூன் 16 காலையில் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அது சரித்திரம். அதை இதமாக எழுத முடியாது, எழுதவும் கூடாது. அதே மாதிரி களைக்கொல்லி விஷத்தையும் நான் தொடமாட்டேன். பாராகுவாட்டுக்கு 2020இல்தான் இங்கே முழுத்தடை வந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் தோட்டத்துக் குடும்பங்களில் யாருக்கும் கதை ஞாபகம் வராது. அதைக் குடித்து இறந்துபோன சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோதான் ஞாபகம் வருவார்கள்.

அதனால் நம் பெரியவர் மூட்டை விழுந்து சாகட்டும். பண்டல் மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் கழித்த துணிகளை இயந்திரத்தில் அழுத்தி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கப்பலேற்றுகிறார்கள். பெரிய மூட்டை 100 கிலோ வரும். நாலு மூட்டை அடுக்கினால் ஆள் உயரத்தைத் தாண்டும். மேல் மூட்டை சரிந்தது, அடியில் கிழவர் மாட்டிக்கொண்டார். போலீஸ் வந்து பார்த்துவிட்டுத் திடீர் மரணம் என்று எழுதிக்கொண்டு போய்விடும். அவர்கள்மேல் குறையில்லை. பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இனி அக்காவிடம் வருகிறேன். கதையின் உயிர் அவரிடம்தான் இருக்கிறது. அம்மா பால் வெட்டியவர். இவர் பள்ளியை விட்டதும் டவுனில் தையல் கற்று, இருபது வருஷம் ரவிக்கையும் பள்ளிச் சட்டையும் தைத்தார். ரெடிமேட் வந்தது, தையல் படுத்தது. அதே கடையில் பண்டல் போட்டார். குவியலில் கிடந்தால் 3 வெள்ளி (ரிங்கிட்), ஹேங்கரில் ஏறினால் 300 வெள்ளி. எது எங்கே போக வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

அந்த விரல் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாமல் இந்தக் கதையை எழுத முடியாது. பழந்துணி வாங்கி விற்க ஈப்போவிலிருந்து வரும் பையன்கள் 'ஐம்பதுகளின் அமெரிக்கச் சட்டை' என்று ஒன்றை நீட்டுவார்கள். அக்கா முதலில் கழுத்தைப் பார்க்கமாட்டார், உள்தையலைப் பார்ப்பார். எப்படித் துவைக்க வேண்டும் என்று நிரந்தரமாகத் தைத்த சீட்டு இருக்கிறதா? அமெரிக்காவில் அது கட்டாயமானது 1972இல். லேபிளில் ஊர்ப் பெயரோடு ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கிறதா? அந்த எண் வந்ததே 1963இல். லீவைஸ் ஜீன்ஸ் என்றால் பின்பையில் இருக்கும் சிவப்புத் துண்டைப் பார்ப்பார். அதிலுள்ள பெயரில் ஆங்கில 'E' பெரிய எழுத்தாக இருந்தால் 1971க்கு முந்தியதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். இதெல்லாம் தெரிந்தவன்தானே போலியும் செய்கிறான்.

சந்தேகம் தீராவிட்டால் நெருப்பு. உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுவார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், ஊதினால் சாம்பல் பறந்துவிடும். பட்டு என்றால் தலைமயிர் கருகுகிற நாற்றம். பாலியெஸ்டர் என்றால் தீ கிட்டே வருவதற்குள் சுருங்கி ஓடும், உருகும், நுனியில் கறுப்பாகக் கெட்டியான மணி ஒன்று நிற்கும். நகத்தால் நசுக்கினாலும் உடையாது. இந்தக் காட்சியை முதல் அத்தியாயத்திலேயே, கொலைக்கு முன்னால், வியாபாரத் தகராறு மாதிரி வைத்துவிடுங்கள். அக்காவின் கையை வாசகர் நம்பத் தொடங்குவார்.

தடயத்தை முன்கூட்டியே வாசகர் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்பது இந்த வகையின் நேர்மை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும், ஒளித்து வைத்த தடயம் கூடாது, முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டையர் வரக்கூடாது. கடைசி விதி நம் சினிமாக்காரர்கள் காதில் விழுந்தால் பாதிப் பேர் தொழிலை விட்டுவிடுவார்கள். ஐந்தாவது விதி இன்னும் வேடிக்கை: கதையில் சீனர் வரக்கூடாது. அந்தக் காலத்து மலிவுக் கதைகளில் மர்மமான சீன வில்லன் மலிந்து கிடந்ததால் அவர் அப்படி எழுதினார். சரி, அது அவர் ஊர்க் கிண்டல். நம் கதையில் கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கே, அதாவது சீன முதலாளி, இல்லாமல் தெருவே நகராது. வாடகை வாங்க வருவார், அக்காவிடம் தமிழிலேயே பேரம் பேசுவார். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவேண்டாம். வெளியாளைக் குற்றவாளியாக்குவது எழுத்தாளரின் சோம்பல்.

செத்தவர் யார்? ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. கணக்கில் புலி. அந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் கூட்டு பிடிக்கிறவர். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன், அவர்கள் சீட்டு என்பதுதான் இது. பன்னிரண்டு பேர் மாதம் 200 வெள்ளி போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் 2400 வெள்ளி சேரும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், தாலிக்கொடி, கூரைத் தகரம் எல்லாம் இதில்தான் ஓடும். ஆனால் நம் நாட்டில் கூட்டு நடத்தும் தொழிலுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. கதைக்கு இதைவிட வசதி வேண்டுமா? பெரியவர் செத்துப்போனார், அவரிடம் பணம் கட்டிய பதினொரு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். போலீசுக்கு நோக்கம் தெரிய வழியில்லை. விசாரிக்க அக்காவைத் தவிர ஆள் இல்லை, ஏனென்றால் அவரும் அந்தப் பதினொன்றில் ஒருவர்.

இப்போது தடயம். மூட்டை சரிந்த இடத்தில் சிதறிய துணிகளை அள்ளும்போது அக்கா கையில் ஒரு முழுக்கைச் சட்டை அகப்படுகிறது. வெளிறிய நீலம், ஆண் சட்டை. கைப்பட்டியில் கறுப்பாக, தோல் மாதிரி இறுகிய திட்டு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மங்கிலிருந்து, அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்திலிருந்து, வாளிக்கு ரப்பர் பாலை வழிக்கும்போது தெறிப்பது. முதலில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், வருஷம் போகப் போகக் கறுத்து நூலோடு நூலாகிவிடும். எந்தச் சோப்புக்கும் அசையாது. ஒசாகாவிலிருந்து வந்த மூட்டைக்குள் பால் கறை எப்படி வரும்? பத்தாயிரம் துணிக்கு நடுவே ஒரு கந்தல் யார் கண்ணில் படப்போகிறது என்று விட்டுப்போனார்கள். அத்தனை துணியில் அது ஒன்றுதான் இந்த ஊர்த் துணி.

அடுத்தது, நெஞ்சுக்கு நேராக இரண்டு பொத்தானுக்கு நடுவில் ஒரு பிரஸ் பட்டன். பால் வெட்டப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டார்கள், குனிந்தால் நடுவில் விரியும். அதற்காக அக்காவே அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண்கள் சிலருக்குத் தைத்துக் கொடுத்த பட்டன் அது. ஆக, சட்டைக்காரி அந்தச் சிலரில் ஒருத்தி.

மூன்றாவது வாசம். சட்டையில் பாச்சை உருண்டை மணக்கிறது. அக்காவின் கடையில் அது கிடையவே கிடையாது. பேரன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குறை உள்ள குழந்தைக்கு நாப்தலீன் உருண்டை ஆகாது. அந்த உருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தினால்கூடச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். பேரனோ நாள் முழுக்கக் கடையில் தவழ்கிறவன். இதையும் முதல் அத்தியாயத்தில் ஒரு பாட்டியின் புலம்பலாகச் சொல்லிவிடுங்கள். யாருக்கும் தடயம் என்று தோன்றாது. சட்டை யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது, அதுவும் அன்றைக்குத்தான் வந்தது.

கடைசித் தடயம் எனக்கு மிகவும் பிடித்தது. கல்லாவில் கள்ளநோட்டுப் பார்க்க ஒரு ஊதா விளக்கு இருக்கும் இல்லையா? அதற்கடியில் சட்டையை வைக்கிறார். பழைய பருத்தி நூல் மங்கலாகக் கிடக்கிறது. அக்குளில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் பளிச்சென்று நீலமாக மின்னுகிறது. புதிய வெள்ளை பாலியெஸ்டர் நூல். இன்றைய சலவைத் தூளில் துவைத்திருந்தால் அதிலுள்ள, வெண்மையைக் கூட்டிக் காட்டும் பொருளால் சட்டை முழுவதுமே மின்னியிருக்கும். எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், விஷயம் தெரிந்த வாசகர் பிடித்துவிடுவார். ஆக, யாரோ பெட்டியிலிருந்து எடுத்து, துவைக்காமல், கிழிசலை மட்டும் விற்பதற்காகத் தைத்திருக்கிறார்கள். பழைய வேலைச் சட்டைக்குப் பையன்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர். அக்கா தையலைத் திருப்பிப் பார்க்கிறார். முடிச்சு வெளியே தெரியாமல் மடிப்புக்குள் இழுத்து மறைக்கப்பட்டிருக்கிறது. அவர் தம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை.

அந்தப் பெண் கதையில் ஆரம்பத்திலேயே வந்துவிட்டாள். அக்காவிடம் தையல் படித்தவள், பேரனுக்கு முறுக்கு கொண்டுவருகிறவள், வாசகருக்குப் பிடித்தவள். செத்துப்போன மாமியாரின் சட்டையை விற்க வந்தாள், ஏனென்றால் இந்த மாதம் கையில் வரவேண்டிய கூட்டுப் பணம் வரவில்லை. கடையில் அக்கா இல்லை. பின்னறையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்குகிறது. கேட்டாள். அவர் பணத்தை எப்போதோ செலவழித்துவிட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். தள்ளினாள். அடுக்கில் மோதினார், மூட்டை சரிந்தது.

இங்கேதான் நம் எழுத்தாளர்கள் சறுக்குவார்கள் என்று எனக்குப் பயம். குற்றவாளியைப் பிடித்தவுடன் பத்துப் பக்கம் புத்திமதி வைப்பார்கள், அல்லது அவளை அழவிட்டு மன்னித்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். அக்கா கதவைச் சாத்தி, பலகையைத் திருப்பிவிட்டு, அவளுக்கு வரக்கோப்பி போட்டுக் கொடுக்கட்டும். சட்டையை மேசையில் வைக்கட்டும். "முடிச்சு நல்லா போட்டிருக்கம்மா" என்று மட்டும் சொல்லட்டும். மிச்சத்தை அவள் சொல்வாள். பிறகு இருவரும் நடந்தே ஸ்டேஷனுக்குப் போகட்டும், தூரம் அதிகமில்லை.

அப்புறம் ஒரு அத்தியாயம் கட்டாயம் வேண்டும். கூட்டு பாதியில் நிற்கிறது. பணம் எடுத்தவர்கள் ஐந்து பேர், எடுக்காதவர்கள் ஆறு பேர், அந்த ஆறு பேரில் ஸ்டேஷனில் இருக்கிறவளும் ஒருத்தி. அவள் மகனின் கட்டணத்தை நாம் கட்டலாம் என்கிறார் போன மாதம் பணம் எடுத்த ஒருத்தர், இன்னொருத்தர் முடியவே முடியாது என்கிறார். பெரியவரின் கணக்குப் புத்தகம் தையல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தவுக்கே வாடகைக்கு வந்து வாசலில் நிற்கிறார். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்த மாதம் யார் முறை என்று பெயர்களை வாசிக்கத் தொடங்குகிறார்.

நன்றி. மீகூன் இன்னும் சூடாகத்தான் இருக்கிறதாம்.