25 அங்குலக் கால்

வணக்கம் நேயர்களே.

எண்பதுகளின் இளமைப் படங்களும் அன்றைய உடைகளும் என்று நிலையத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் சினிமாக்காரன் இல்லை. எந்த நடிகரையும் அருகில் நின்று பார்த்ததும் இல்லை. என் அப்பா தையற்காரர். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கடையில் காஜா எடுப்பது என் வேலை. காஜா என்றால் பொத்தான் துளை. இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். துணியில் ஒரு சிறு கீறல் போட்டு, அதன் ஓரம் பிரியாதபடி நூலால் நெருக்கி நெருக்கிச் சுற்ற வேண்டும். ஒரு சட்டைக்கு ஏழெட்டுக் காஜா. குனிந்த தலை நிமிராமல் அதைத் தைத்துக்கொண்டே நான் கேட்ட சினிமாக் கதைகளுக்குக் கணக்கில்லை. பார்த்த படங்களைவிடக் கேட்ட படங்கள்தான் எனக்கு அதிகம்.

1980இல் எனக்கு 14 வயது. அந்த ஆண்டுதான் 'ஒருதலை ராகம்' வந்தது. மாயவரம் பக்கத்துக் கல்லூரி, ரயில், சொல்லாத காதல். டி. ராஜேந்தரின் கதை, அவருடைய பாட்டு. நடித்தவர்கள் பெரும்பாலும் புதுமுகங்கள். இதை இன்றைக்குச் சொன்னால் பெரிய விஷயமாகத் தெரியாது. அதற்கு முன்பு நாங்கள் திரையில் பார்த்த கல்லூரி மாணவர்களில் பலர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். தலையில் டோப்பா, கையில் ஒரே ஒரு நோட்டுப் புத்தகம், உடன் படிக்கிற பெண்ணுக்கு அப்பா வயது. திடீரென்று, எங்கள் ஊர்ப் பஸ்ஸில் ஏறி இறங்குகிற அண்ணன்களைப் போன்றவர்களே திரையில் நடமாடினால் எப்படி இருக்கும்!

படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது. கடையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. இலங்கை வானொலி எங்கள் பக்கம் தெளிவாகக் கேட்கும். படமோ சென்னையில் ஓடி, மதுரையில் ஓடி, திருநெல்வேலியில் ஓடித் தேய்ந்து, எங்கள் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். காது பாட்டை மனப்பாடம் செய்துவிட்டது, கண் இன்னும் காத்திருக்கிறது. ஃபேஷன் என்று சொல்கிறோமே, அது எங்கள் ஊரில் பிறந்தது இந்த இடைப்பட்ட மாதங்களில்தான்.

எப்படி என்று சொல்கிறேன். பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போய் வருகிற அண்ணன்கள் மூன்று பேர் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, ஒருதலை ராகத்தில் வருகிற மாதிரி பெல்பாட்டம் வேண்டும்" என்றார்கள். அப்பா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் சொல்வேன்: அப்பா படத்தைப் பார்க்கவில்லை. எந்தப் படத்தையும் அவர் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். இரவு பத்து மணிக்குக் கடை சாத்துகிறவருக்கு எந்தக் காட்சி ஒத்துவரும்?

"கால் எத்தனை அங்குலம்?" என்று கேட்டார். பேண்ட்டின் கீழ்விளிம்புச் சுற்றளவைத்தான் தையற்காரர்கள் கால் என்போம். ஒருவர் 22 என்றார். இன்னொருவர் 26 என்றார். மூன்றாமவர் தரையில் உட்கார்ந்து இரண்டு கை விரல்களையும் விரித்து ஒட்டி வைத்துக் காட்டினார். அளந்து பார்த்தால் சுற்றளவு 30 வந்தது. மூன்று பேரும் ஒரே காட்சியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தவர்கள். சண்டை வலுத்து, எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று.

அப்பாவுக்குத் தொழில் மானம் அதிகம். மறுநாள் என் கையில் பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் காசு கொடுத்தார். "திருநெல்வேலிக்குப் போ. படத்தைப் பார். செருப்பு முழுவதும் மறைந்தால் 26. முனை மட்டும் தெரிந்தால் 24. பாதி தெரிந்தால் 22. வேறு எதையும் பார்க்காதே. காலை மட்டும் பார்."

14 வயதுப் பையன் தனியாகத் திருநெல்வேலிக்குச் சினிமாவுக்குப் போகிறான், அதுவும் அப்பா கொடுத்த காசில். என் வகுப்பில் ஒருவனும் நம்பவில்லை. போனேன். முதல் அரைமணி நேரம் உத்தரவுப்படி காலையே பார்த்தேன். பிறகு எப்போது முகத்துக்கு ஏறினேன் என்று தெரியவில்லை. கடைசியில் அந்தப் பெண் தன் மனத்தைச் சொல்லலாம் என்று ரயிலுக்கு வரும்போது அவன் இறந்து கிடக்கிறான். விக்கி விக்கி அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸிலும் அழுதேன்.

கடைக்கு வந்ததும் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, "எத்தனை அங்குலம்?" என்றார்.

"அவன் செத்துப்போய்விட்டான் அப்பா" என்றேன்.

"ஏலே, நான் காலைக் கேட்டேன்."

அடுத்த வாரம் மறுபடியும் காசு கொடுத்தார். இந்த முறை முடிவு தெரியும், அழமாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். முடிவு தெரிந்துவிட்டதால் முதல் காட்சியிலிருந்தே அழுகை வந்தது. மூன்றாம் முறை போனபோதுதான் கண் தெளிந்தது. ஒவ்வொருவர் காலும் ஒவ்வோர் அளவு! ஒருவருக்குச் செருப்பே தெரியவில்லை, அடுத்தவருக்குப் பாதிச் செருப்பு தெரிந்தது. நடக்கும்போது ஓர் அளவு, உட்கார்ந்தால் இன்னோர் அளவு. வந்து அப்படியே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் சாக்குக் கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அளவு நோட்டை எடுத்து 25 என்று எழுதினார்.

25. அந்தப் படத்தில் அந்த அளவு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்த தீபாவளிக்கு எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இளவட்டங்கள் அத்தனை பேர் காலும் 25. கேட்டால், "ஒருதலை ராகம் கட்டிங்" என்பார்கள். நாங்கள் நகல் எடுத்ததாக நினைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைத் தைத்துவிட்டோம். அது எங்கள் ஊர்க் கால். மறுபடியும் சொல்கிறேன், அப்பா படத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

பெல்பாட்டம் என்று வந்துவிட்டால் ஜிப்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கால் அகலமாக இருந்தால் கீழ்விளிம்பு தரையில் உரசும். ஒரே மாதத்தில் நைந்து நூல் தொங்கும். அதற்காக விளிம்பைச் சுற்றிப் பித்தளை ஜிப் வைத்துத் தைப்போம். திறந்து மூட அல்ல, தேயாமல் இருக்க. ஒரு நீள ஜிப்பைப் பிரித்தால் இரண்டு காலுக்கும் ஆயிற்று, ஆளுக்கொரு பக்கம். துணிக்குப் பதிலாகப் பித்தளைப் பல் தேயும். சிமெண்டுத் தரையில் நடந்தால் சரக், சரக் என்று சத்தம் வரும். எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே, தாமதமாக வருகிறவன் பெயரைச் சொல்லி வெளியே நிற்கச் சொல்வார். இரண்டு பேர் ஒரே அளவு ஜிப் வைத்திருந்தாலும் நடையில் கண்டுபிடித்துவிடுவார். வானொலியில் உடையைக் காட்ட முடியாது என்று வருத்தத்தோடுதான் வந்தேன். அந்தச் சத்தத்தையாவது பதிவு செய்து கொண்டுவந்திருக்கலாம்.

அந்தப் பேண்ட்டோடு நாய்க்காது காலர் சட்டை. காலரின் இரண்டு நுனியும் நெஞ்சை நோக்கித் தொங்கும். டெரிகாட்டன் துணி. காதை மறைக்கும் முடி. போதும், உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் சித்தப்பாவோ மாமாவோ இந்தக் கோலத்தில் ஒரு ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்பார். பெரும்பாலும் ஸ்கூட்டர் அவருடையதாக இருக்காது.

தீபாவளியைச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு வேடிக்கை உண்டு. தீபாவளிக்கு முந்தின இரவு எந்தத் தையற்கடையிலும் விளக்கு அணையாது. ரசீதில் பின் குத்திய துணித்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் பத்து இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். விடியற்காலையில் சட்டை கைக்கு வரும், சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் போட்டுக்கொண்டு, நேரே தீபாவளி வெளியீட்டுப் படத்துக்குப் போவார்கள். அங்கே கதாநாயகன் வேறு மாதிரி காலரோடு வந்து நிற்பான். போட்டிருப்பது போன படத்தின் சட்டை, பார்ப்பது இந்தப் படத்தின் சட்டை. இரவெல்லாம் கண்விழித்து வாங்கிய புதுத்துணி இடைவேளைக்குள் பழையதாகிவிடும். எங்கள் கடைக்குப் பொங்கல் வேலை வந்துவிடும்.

1981இல் இரண்டு படங்கள். 'அலைகள் ஓய்வதில்லை', 'பன்னீர் புஷ்பங்கள்'. கல்லூரியையும் தாண்டிக் கீழே இறங்கி, பதின்வயதுப் பிள்ளைகளின் காதலுக்கே வந்துவிட்டார்கள். முதல் படத்தில் கார்த்திக்கும் ராதாவும் அறிமுகம். முட்டம் கடற்கரை எங்களுக்குத் தொலைவும் இல்லை. பஸ் பிடித்துப் போய் அந்தப் பாறைகளில் உட்கார்ந்து வந்தவர்கள் உண்டு. வீட்டில் பெரியவர்களுக்கு இந்தப் படங்களைக் கண்டால் ஆகாது. இரண்டாவது படம் ஊட்டிப் பள்ளிக்கூடத்துக் கதை. அதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் ஸ்வெட்டர் கேட்டு வந்தான். சித்திரை மாதம். நாங்குநேரி வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "ஸ்வெட்டரை நான் தைக்க முடியாது தம்பி, அதைப் பின்ன வேண்டும்" என்று அப்பா அனுப்பிவிட்டார். எங்கிருந்தோ வாங்கிப் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் வியர்வை ஒழுக ஒரு வாரம் நின்றான். யாருக்காக நின்றானோ அந்தப் பெண் அந்த வாரம் பாட்டி ஊருக்குப் போயிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அந்தச் சமயத்திலேயே கால் ஒடுங்க ஆரம்பித்தது. 25 என்பது 20 ஆகி, 18 ஆகி, 16இல் வந்து நின்றது. இரண்டு ஆண்டுகள் எங்கள் கடையில் புதுத் தையலைவிடப் பழைய பெல்பாட்டத்தை ஒடுக்குகிற வேலைதான் அதிகம். முழங்காலிலிருந்து கீழே முக்கோணமாக வெட்டி எடுப்போம். ஒரு காலுக்கு இரண்டு முக்கோணம். அந்த முக்கோணங்களை அப்பா ஒரு கோணியில் போட்டு வைத்தார். கோணி நிறைந்தது. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி நான்கு விரலைக் காட்டுகிறார். ஜிப்பில் நேரம் போய்விட்டது போலிருக்கிறது.

தொண்ணூறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் 'காதலன்'. பிரபுதேவா ஆடியதைப் பார்த்துவிட்டுத் தொளதொள பேண்ட் கேட்டு வந்தார்கள். "நாங்கள் முழங்காலுக்குக் கீழே விரித்தோம், இவர்கள் இடுப்பிலிருந்தே விரிக்கிறார்கள்" என்று அப்பா சிரித்தார். தைத்தும் கொடுத்தார். 1996இல் 'காதல் தேசம்'. அதில் வருகிற மாதிரி வேண்டும் என்று கேட்டு எங்கள் கடைக்கு ஒருவரும் வரவில்லை. படம் நன்றாகத்தான் ஓடியது. பையன்கள் திருநெல்வேலிக்குப் போய் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் ஆயத்தமாக வாங்கி வந்துவிட்டார்கள். டி-ஷர்ட்டுக்குக் காஜா கிடையாது. திரையில் இருந்தது அப்படியே கடையில் தொங்கியது. யாரும் விரலை விரித்துக் காட்டவில்லை, யாரும் சண்டை போடவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே கால். ஆயத்த ஆடைமேல் எனக்குக் கோபம் இல்லை, இப்போது நான் போட்டிருப்பதும் அதுதான். இருந்தாலும் பழைய படங்கள் தொலைக்காட்சியில் ஓடும்போது, என் கண் இன்றைக்கும் முகத்தை விட்டுக் காலுக்கு இறங்கி, அங்கே இல்லாத 25ஐத் தேடுகிறது.

இரண்டு விரல். சரி.

நேயர்களே, நான் ஒரு தவறு செய்துவிட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் அக்கா தொலைபேசியில், "தம்பி, நீ பேண்ட்டைப் பற்றியே பேசிவிட்டு வந்துவிடுவாய். எங்களையும் சொல்" என்றாள். இந்த உரையில் பாதியை அவர்களுக்கென்று எழுதியும் வந்தேன். நான்கு பக்கம் இதோ கையில் அப்படியே இருக்கிறது. தாவணி, அதற்குப் பொருத்தமாகச் சாயம் போட்ட ரிப்பன், 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்தபிறகு வளையல் கடையில் நதியா கம்மல், நதியா வளையல், தாவணி போய்ச் சுடிதார் வந்த கதை, அதற்கு வீட்டில் நடந்த வழக்கு. ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஜாக்கெட்டுக்குப் பஃப் கை வைப்பார்கள், தோளில் உப்பலாக நிற்கும். அப்பா பெண்கள் துணி தைப்பதில்லை. அக்காவே வீட்டு மெஷினில் தைத்துக்கொள்வாள், தோழிகளுக்கும் தைத்துக் கொடுப்பாள். மற்றப் பெண்களின் பஃப் இரண்டு துவைப்பில் தொய்ந்துவிடும். அக்கா தைத்தது நிமிர்ந்தே நிற்கும். ஊரே கேட்டும் அவள் காரணத்தைச் சொல்லவில்லை. அப்பாவின் கோணியிலிருந்து டெரிகாட்டன் முக்கோணங்களைத் திருடி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள். ஒருதலை ராகம் பார்த்துவிட்டுச் சண்டை போட்டார்களே மூன்று அண்ணன்கள், அவர்களுடைய கால் அத்தனையும் எங்கள் தெருப் பெண்களின் தோளில் இருந்திருக்கிறது. போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

தம்பி கையை மூடிவிட்டார். வணக்கம்.