பப் இருந்த வீடு எது?

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய வீடு வாங்குகிறவர்களிடம், "இது முன்னாளில் பப்பாக்கும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உண்மையா என்று ஆவணங்களை வைத்துப் பார்த்துவிடலாம். இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். கடையின் பெயரை விட்டுவிட்டு, லைசென்ஸ் வைத்திருந்த ஆளைத் துரத்த வேண்டும். ரெட் லயன், கிரவுன் என்ற பெயரில் பப்கள் ஊருக்கு ஊர் உண்டு. போதாததற்கு, கடைக்காரர் எதிர்வீட்டுக்கு மாறினால் பலகையும் கூடவே போய்விடும்.

முதலில், பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் 25 அங்குல வரைபடம் (ஒரு மைலுக்கு 25 அங்குலம்). ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கட்டடத்தின் அருகே 'பி.எச்.' என்றிருக்கும். காதுக்கு ஒன்றுபோல ஒலித்தாலும் இதில் இரண்டு வகை உண்டு: ஒன்று பப்ளிக் ஹவுஸ், மற்றது பியர் ஹவுஸ். ஆங்கில முதலெழுத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

அடுத்து, 1910ஆம் ஆண்டை ஒட்டி நடந்த நில மதிப்பீடு. அதன் களக் குறிப்பேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஐஆர் 58 என்ற வரிசையில் இருக்கின்றன. உரிமையாளர் யார், குடியிருந்தவர் யார், அறைகள், நிலவறை, லாயம் என்று கட்டடத்தையே கண்முன் நிறுத்திவிடும். 1904 லைசென்ஸ் சட்டப்படி நஷ்டஈடு கொடுத்து மூடப்பட்ட கடை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வருடத்துக்கு எத்தனை பீப்பாய் விற்றது, அடுத்த பப் எத்தனை கெஜத்தில் இருக்கிறது என்றெல்லாம் விசாரணையில் பேசப்பட்டது உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்திருக்கும்.

1872க்குப் பிந்தைய லைசென்ஸ் பதிவேடுகள் கவுண்டி காப்பகத்தில் கிடைக்கலாம். அதற்கு முன்னால்தான் சிக்கல். 1830இல் வந்த பியர் சட்டப்படி, வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் கலால் துறையிடம் 2 கினி கட்டி, வீட்டிலேயே பியர் விற்கலாம். மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. 1869 வரை இந்த நிலைதான். கலால் காகிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், இந்த பியர் ஹவுஸ் கடைகள் பதிவேட்டில் அகப்படாது. பல கடைகளுக்குப் பெயரே கிடையாது. கெல்லியின் வணிக டைரக்டரியில் 'பியர் வியாபாரி' என்று ஆளின் பெயர் மட்டும் இருக்கும். சென்சஸில் அதே ஆள் வெறும் கொல்லராகவோ தச்சராகவோ நிற்பார், ஏனென்றால் பியர் அவருக்கு உபதொழில். கணவர் இறந்து மனைவி கடையை எடுத்து நடத்தி, மறுமணமும் செய்துகொண்டால் குடும்பப் பெயர் மாறும். கடை மூடிவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள். 1841 சென்சஸில் 15க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். அதனால் வயது பொருந்தவில்லை என்று ஆளைத் தள்ளிவிடவும் கூடாது.

கட்டடத்தை உறுதி செய்ய, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் தசமபாகம் பற்றிய 1836 சட்டத்தை ஒட்டி வரைந்த தசமபாக வரைபடத்தை எடுங்கள். ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண். கூடவே வரும் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர், குடியிருப்பவர், 'பப்ளிக் ஹவுஸும் தோட்டமும்' என்ற மாதிரி ஒரு விவரம். சென்சஸ் பெயரும் இந்தப் பெயரும் ஒரே மனையில் கூடினால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால், 1753 முதல் 1828 வரை, கடையை ஒழுங்காக நடத்துவதாகக் கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்த ஜாமீன் பத்திரங்களைப் பதிவேட்டில் ஏற்றி வைத்தார்கள். எல்லாக் கவுண்டியிலும் அவை தப்பவில்லை. தப்பிய இடத்தில் கடைக்காரர், ஊர், ஜாமீன்தாரர் பெயர்கள் இருக்கும். கடையின் பெயர் சில வருடங்களில்தான் இருக்கும். ஜாமீன்தாரர் பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு கடைக்காரருக்கு இன்னொரு கடைக்காரர் ஜாமீன் நிற்பது வழக்கம் என்பதால், ஊரின் இரண்டாவது பப் அந்த வரியிலேயே ஒளிந்திருக்கலாம். இவற்றோடு 1780 முதல் 1832 வரையிலான நிலவரிப் பட்டியலை ஒப்பிட்டால் கட்டடத்தின் உரிமையாளரும் தெரிந்துவிடுவார்.

இன்னும் பின்னே போக ஆசையா? 1686இல் விடுதிகளில் தங்கும் வசதி பற்றி ராணுவம் எடுத்த கணக்கு இருக்கிறது. ஊர்வாரியாக எத்தனை படுக்கை, எத்தனை குதிரைக்கு இடம் என்ற எண்கள் மட்டும்தான். கடைப் பெயரை அதில் தேட வேண்டாம்.

காப்பகத்துக்குப் போகுமுன் ஒன்று. ஜாமீன் பத்திரங்களை 'குவார்ட்டர் செஷன்ஸ்' எனும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிய கவுண்டி நீதிமன்றத்தின் கட்டுகளில் கேளுங்கள். அவை பெரும்பாலும் 'ஹண்ட்ரட்' என்ற பழைய நிர்வாகப் பிரிவுவாரியாக அடுக்கியிருக்கும். உங்கள் ஊர் எந்த ஹண்ட்ரடில் இருந்தது என்று குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.