நாயகனுக்கு மகரக்கட்டு உடைந்துவிட்டது, நானும் அந்தப் பட்டனைத் தொட்டுவிட்டேன்

வணக்கம், வணக்கம். காதில் சிவப்புப் பென்சில் தெரிகிறதா? அப்படியென்றால் நான் பள்ளி அரங்கிலிருந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று பழைய ஆட்களுக்குப் புரிந்திருக்கும். இன்றைக்கு எனக்கு எரிச்சலும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. எது அதிகம் என்று முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

போன வீடியோவில் என்ன சொன்னேன்? "இசை நாடகத்துக்கு இன்னும் மூன்று வாரம், பாட்டு எல்லாம் பூட்டியாயிற்று, இனி ஒரு ஸ்வரம் மாறாது" என்று சொன்னேன். எவ்வளவு தெனாவெட்டு! சொல்லி நான்கே நாளில் நம் நாயகனுக்கு மகரக்கட்டு, அதாவது வளரும் வயதில் பையன்களின் குரல் உடைவது, வந்துவிட்டது. முதல் சரணத்தின் உச்சியில் குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மேலேயும் ஒரு பாதி கீழேயும் போயிற்று. பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேருக்குப் போன வருடம் இதே கதிதான். அதை நான் சத்தமாகவே ஞாபகப்படுத்தினேன். அரங்கு அமைதியாகிவிட்டது.

அந்த வயதில் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல்நாண்கள் நீளமாகவும் தடிப்பாகவும் ஆகின்றன. நேற்று வரை பழகியிருந்த பிடி இன்றைக்கு வேலை செய்யாது. எல்லாம் அடங்கும்போது பையன்களின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே போயிருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் இறங்கும், ஆனால் இரண்டு மூன்று அரைஸ்வரம்தான் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு விசைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் ஒரு அரைஸ்வரம்), அதனால் யாரும் கவனிப்பதில்லை. இந்த நேரத்தில் "முக்கிப் பாடு, வந்துவிடும்" என்று சொல்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முக்கினால் தொண்டை கட்டும், அவ்வளவுதான்.

உடனே யோசனைகள் வந்து குவிந்தன. ஆளை மாற்றலாம் என்றார் ஒருவர். முன்கூட்டியே பதிவு செய்த டிராக் போட்டு வாயசைக்கச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். டிராக்! என்னிடம்! மூன்று மாதமாக வசனம் மனப்பாடம் செய்த பிள்ளையை மாற்றுவதா, பாட்டை இறக்குவதா? பாட்டுக்கு மனது நோகாது. பாட்டைத்தான் இறக்குவோம் என்றேன்.

எவ்வளவு இறக்குவது? இதைக் குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. அவனைப் பேசுகிற சுருதியிலிருந்து மெதுவாக மேலே வழுக்கிப் போகச் சொன்னேன், அப்புறம் கீழே. எங்கே சுத்தமாக நிற்கிறது, எங்கே கரகரக்கிறது என்று பென்சிலால் குறித்தேன். பாட்டு 2 கட்டை, அதாவது டி மேஜர். அதன் உச்ச ஸ்வரம் 587 ஹெர்ட்ஸ். அவனுக்கு இப்போது நிம்மதியாக எட்டுவது 466 வரைதான். நான்கு அரைஸ்வரம் இறக்கினால் அச்சாகப் பொருந்துகிறது. ஆக டி மேஜர் பாட்டு பி ஃப்ளாட் மேஜர் ஆகிறது, 6½ கட்டை.

இப்போது உங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கப்போகும் பகுதி. கீபோர்டின் மொத்தச் சுருதியையும் ஒரே அழுத்தில் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைப் பற்றி நான் எத்தனை வீடியோவில் திட்டியிருக்கிறேன்? சோம்பேறிப் பட்டன் என்றே பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பட்டனை நான் அழுத்தினேன். ஆமாம். நேரமில்லை, மைனஸ் நான்கு வைத்தேன், "ம், ஆரம்பி" என்றேன். கீபோர்டு மட்டும் பி ஃப்ளாட்டுக்கு இறங்கியது. வயலின், கிளாரினெட், சாக்ஸபோன், கிட்டார் எல்லாம் தங்கள் இசைக்குறிப்புத் தாளில் இருந்த டி மேஜரிலேயே கம்பீரமாக நுழைந்தன. அந்தச் சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. நாயகன் என்னைப் பார்த்து, "டீச்சர், இது என் குரலா?" என்று கேட்டான். பாவம்.

இதோடு முடியவில்லை. பட்டனைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். அடுத்த பாட்டில் நாயகி நான்கு அரைஸ்வரம் கீழே ஆரம்பித்துப் பாதாளத்துக்குப் போனாள். சரி, கமென்ட்டில் எழுதுங்கள். எனக்கு வேண்டியதுதான்.

இரவு உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் மாற்றினேன். மென்பொருள் ஒரு நொடியில் நகர்த்திவிடும். ஆனால் கருவியின் அடிமட்டத்துக்குக் கீழே ஸ்வரம் போய்விட்டதா என்று நம் கண்தான் பார்க்க வேண்டும். சாக்ஸபோனுக்கு இரண்டு இடத்தில் போயிருந்தது. ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன், இதற்காகத்தான் இந்த வீடியோவே. கிளாரினெட்காரர் தாளில் சி என்று இருப்பதை ஊதினால் நம் காதில் பி ஃப்ளாட் விழும். ஆல்டோ சாக்ஸபோனில் அதே சி ஈ ஃப்ளாட்டாக விழும். அதனால் பாட்டு டி மேஜரில் இருந்தபோது கிளாரினெட்டுக்கு நான்கு ஷார்ப், அதாவது அரைஸ்வரம் உயர்த்தி வாசிக்க வேண்டிய ஸ்வரங்கள் நான்கு; சாக்ஸபோனுக்கு ஐந்து ஷார்ப். மூன்று மாதமாக அந்த இரண்டு பிள்ளைகளும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பயிற்சி போதவில்லை என்று உபதேசம் செய்துகொண்டிருந்தேன். இப்போது கிளாரினெட்டுக்கு ஒரு ஷார்ப்கூட இல்லை, வெறும் சி மேஜர். சாக்ஸபோனுக்கு ஒன்றே ஒன்று. தாளை நீட்டியதும் கிளாரினெட் பெண் புரட்டிப் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், "டீச்சர், அச்சில் எதுவும் விட்டுப்போகவில்லையே?" என்றாள். இல்லை என்றேன். அந்தச் சிரிப்பை வீடியோ எடுக்க முடியவில்லையே என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது. முதல் தடவையிலேயே பிசிறில்லாமல் வாசித்தாள்! மூன்று மாதம், நண்பர்களே. பாட்டை எந்தச் சுருதியில் வைப்பது என்று முடிவு செய்தபோது அவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

எல்லோருக்கும் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். வயலின் அணி கொதித்துப்போயிருக்கிறது. டி மேஜரில் நான்கு திறந்த தந்திகளும் பாட்டுக்குள்ளேயே இருந்தன. இப்போது ஈ தந்தியைத் திறந்து வாசித்தால் அபஸ்வரம், முதல் விரலைப் பின்னால் இழுக்க வேண்டும். கிட்டார்காரர்களுக்கு மூன்றாம் கட்டத்தில் கேப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப், மாட்டிவிட்டு, ஜி கார்டுகளையே பிடிக்கச் சொன்னேன். ஐந்து கிட்டார், இரண்டு கேப்போ. மற்ற மூன்று பேரைத் தாளத்துக்கு மேசையைத் தட்டச் சொன்னேன். நன்றாகத்தான் இருக்கிறது, உண்மையாக.

ஓ, ஒன்றை விட்டுவிட்டேன். கடைசிச் சரணம் ஜோடிப் பாட்டு. இறக்கியதால் நாயகிக்கு அடி ஸ்வரங்கள் கேட்காமல் போயின. அந்த இடங்களில் மட்டும் அவளை மூன்றாம் ஸ்வர இடைவெளியில் மேலே பாட வைத்தேன். முன்பு இருவரும் ஒரே வரியைத்தான் பாடினார்கள். இப்போதுதான் ஜோடிப் பாட்டு மாதிரி இருக்கிறது.

டிராக் வேண்டாம் என்று நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்று கேட்டவர்களுக்கு, படகுக் காட்சியைப் பாருங்கள். மேடைக் குழுப் பிள்ளைகள் நான்கு பேர், கறுப்புச் சட்டையில், இருட்டில் அந்தப் படகைத் தூக்கி வந்து தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தில் வைக்க வேண்டும். நாடகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் அவர்கள்தான். நடுவில் வரும் இசை 8 பார், பாருக்கு நான்கு தட்டு, நிமிடத்துக்கு 96 தட்டு, கணக்குப் போட்டால் சரியாக 20 நொடி. படகு ஒரு நாள் 19 நொடியில் வருகிறது, ஒரு நாள் 27. டிராக் நிற்காது, வெளிச்சம் வந்ததும் பாதிப் படகு கையில் இருக்கும். கருவி வாசிக்கும் எங்கள் பிள்ளைகளோ கடைசி இரண்டு பாரை, நான் கை காட்டும்வரை, திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருப்பார்கள். நேற்று ஏழு தடவை சுற்றினார்கள். படகு எதிர்ப் பக்கம் போய்விட்டது. மேடையில் வலது என்றால் பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது. இதை எத்தனை முறை சொல்வது!

நாயகன் எப்படி இருக்கிறான் என்றுதானே கேட்கிறீர்கள்? இன்றைக்கு உச்ச ஸ்வரம் நின்றது. முடித்துவிட்டு இறங்கி வந்தவன், "டீச்சர், அடுத்த வாரம் இன்னும் இறங்கிவிட்டால்?" என்றான். அதற்கும் ஏ மேஜரில் ஒரு பிரதி அடித்து வைத்திருக்கிறேன். கிளாரினெட் பெண்ணிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதில் ஐந்து ஷார்ப்.